குடை சாமி சொன்னதாக அச்சிட்டவை

திருவண்ணாமலை, வேங்கிக்கால், ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கும் பிரசாத் என்பவரின் மனைவி மணிமொழி, வயது 38, காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகி, பெண் உதவி ஆய்வாளர் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். என் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்திருக்கிறேன். என் சொந்த ஊர் அடி அண்ணாமலை. தகப்பனார் பெயர் சின்னசாமி, காலமாகிவிட்டார். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் 'குடை சாமி அருளகம்' என்ற இடத்தில் ஆறு வருடமாக வேலை பார்த்து வந்தேன். தங்க வருகிறவர்களுக்கு அறை காட்டுவது, வெளிநாட்டுக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவது, சாமியைப் பார்க்க வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பது ஆகியவை என் வேலை. அருளகத்தின் மேலாளர் செழியன் என் மீது கொடுத்திருக்கும் மனுவை எனக்குப் படித்துக் காட்டினார்கள். புத்தக வெளியீட்டு விழாவில் நான் கலகம் செய்ததாகவும், புத்தகத்தைக் கிழித்ததாகவும், சாமியின் பல வருட மௌன விரதம் கலைந்ததற்கு நானே காரணம் என்றும் அதில் கண்டிருக்கிறது. கிழித்தது உண்மை. மற்றவற்றைப் பற்றி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

குடை சாமி எப்போதும் ஒரு கறுப்புக் குடையை மடியில் வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அவர் பேசுவதில்லை, எழுதிக் காட்டுவதும் இல்லை. யாராவது கேள்வி கேட்டால் விரலைத் தூக்குவார், குடையை விரிப்பார், மடக்குவார், அவ்வளவுதான். மௌனத்தில் இருக்கும் சாமிகளின் பக்கத்தில், அவர் காட்டும் சாடையை விளக்கிச் சொல்ல ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது இந்த ஊரில் வழக்கம். அருளகத்தில் அப்படி ஆள் இல்லாததால் செழியன் என்னை உட்காரச் சொன்னார். "பக்கத்துல ஒக்காந்து சாமி என்ன சொல்றாருன்னு சொல்லிடு மணி, உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே" என்றார். அவர் ஒன்றுமே சொல்லாதபோது நான் என்னத்தைச் சொல்வது என்று கேட்டேன். அவர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதல் சில நாள் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். சாமி கையைத் தூக்குகிறார், சாமி குடையைத் தொடுகிறார் என்றேன். அவ்வளவு தூரம் கடந்து வந்தவர்களுக்கு அது போதவில்லை. அதன் பிறகு ஒரு மதியம் கரண்ட் போயிருந்த நேரத்தில், புனேயிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், மனம் அடங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். சாமி தலைக்கு மேலே நின்றுபோயிருந்த மின்விசிறியைக் காட்டினார். புழுக்கம் தாங்காமல் காட்டினாரோ என்னவோ. நான் வாய் திறந்து, 'விசிறி நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் சத்தம் போட்டது தெரிகிறது, மனமும் அப்படித்தான்' என்று சொன்னேன். அந்த அம்மாள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். நான் சாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பரீட்சையில் பாஸான மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு அதுவே நடைமுறை ஆகிவிட்டது. கேள்வி வரும், சாமி ஏதாவது சாடை காட்டுவார், நான் சொல்வேன், அவர் தலையாட்டுவார். சில சமயம் வாக்கியம் அங்கேயே வரும். பல சமயம் வீட்டில் காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் யோசித்து, ஒரு சொல்லை எடுத்து ஒரு சொல்லைப் போட்டு, மனதிலேயே சரிசெய்து வைத்திருப்பேன். ஏற்ற கேள்வி வரும் நாளில் சொல்வேன். "இன்னைக்கு சாமி என்ன சொல்லப் போறாரு?" என்று என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு கிண்டல் செய்வார். நான் யோசிக்கும்போது அந்த வாக்கியங்கள் சாமியின் குரலிலேயே எனக்குள் கேட்கும். அவர் குரலை நான் கேட்டதே இல்லை என்றாலும், நிதானமான கனத்த குரல் ஒன்றை நானே வைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு செழியன் வாசலில் கரும்பலகை வைத்து, தினமும் ஒரு வாக்கியத்தை எழுத ஆரம்பித்தார். ஒரு முறை வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று நடுவில் இரண்டு சொல்லை வெட்டிவிட்டார். நான் ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, முழுதாகத் திரும்ப எழுதிவிட்டு, அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அப்போது எனக்கே காரணம் விளங்கவில்லை.

இப்போது என் தகப்பனார் பற்றிச் சொல்ல வேண்டும். நான் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. அவருக்கு இருந்த வீம்பு எனக்கும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு புரட்டாசியில் அவர் இறந்துபோன தகவல் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் எனக்கு வந்தது. நான் தேரடித் தெருவில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலை போனேன். எங்கள் தெருமுனையில் என் அண்ணன் வளவன் நின்றுகொண்டிருந்தார். "நீ வரக்கூடாதுன்னு அப்பாவே சொல்லிட்டுப் போயிட்டாரு. அழுது ரகள பண்ணாம போயிடு" என்றார். நான் அழவில்லை. பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வர ஆட்டோ ஏறத் தோன்றாமல், மாலையைக் கையில் பிடித்தபடி கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் கைகூப்பி, "எந்த லிங்கத்துக்கும்மா மால?" என்று கேட்டார். சாவுக்கு வாங்கின மாலையை எந்தச் சாமிக்கும் போடக்கூடாது. வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது. கொடுக்க வேண்டியவருக்கும் கொடுக்க முடியவில்லை. கை வலித்த பிறகு ஒரு புளியமரத்தடியில் அதைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். தன் தம்பியோடு சண்டை போட்டுப் பேசாமலிருந்ததாகவும், தம்பி போய்விட்டதாகவும், கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறதே என்றும் அழுதார். சாமி தன் கையை இறுக மூடி, மடியில் வைத்து, மெதுவாகத் திறந்தார். நான், 'கோபித்துக்கொண்டவர் போய்விட்டால் கோபத்தை யார் கையில் கொடுப்பது? கீழே வைத்துவிடு' என்று சொன்னேன். சொன்ன பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த வாக்கியம்தான் ஊரெல்லாம் பரவியது. வாட்ஸப்பில் குடை சாமி படத்தோடு எனக்கே வந்தது. என் அண்ணன் வளவனும் அதை ஸ்டேட்டஸ் வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு இந்த வருடம் சித்திரையில், எல்லா வாக்கியங்களையும் சேர்த்துப் புத்தகம் போடப்போவதாக செழியன் சொன்னார். மெய்ப்பு பார்க்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார். முதல் பக்கத்தில் 'குடை சாமி அருளிய வாக்குகள்' என்று இருந்தது. என் பெயர் எங்குமே இல்லை. காசு எதுவும் நான் கேட்கவில்லை. தொகுத்தவர் மணிமொழி என்றாவது கடைசிப் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்டேன். செழியன் சிரித்துக்கொண்டே, "சாமி வாக்குக்கு நடுவுல உன் பேரு எதுக்கு மணி? நீ மைக்கு மாதிரி. மைக்குக்கு எவனாவது பேரு போடுவானா?" என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். நான் மென்று விழுங்கிக்கொண்டு பிழை திருத்திக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா அருளகத்தின் கூடத்தில் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. பௌர்ணமி நெருங்கியதால் வெளியூர்க்காரர்கள் ஜாஸ்தி. சாமியை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் பந்திக்கு இலை எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் நின்றேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி புத்தகத்தைப் பிரித்து, 'கீழே வைத்துவிடு' என்ற வாக்கியத்தை மைக்கில் வாசித்தார். வாசித்துவிட்டு, "சொந்தம் பந்தம் எல்லாத்தையும் துறந்த ஒருத்தராலதான் இப்படி ஒரு வார்த்தையச் சொல்ல முடியும். நம்ம மாதிரி குடும்பத்துல உழல்றவங்களுக்கு வருமா?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு நான் மேடை வரைக்கும் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. "அது சாமி சொன்னதில்லைங்க. நான் சொன்னது. எங்கப்பா செத்தப்போ எனக்கு வந்தது" என்று சத்தமாகச் சொன்னேன். செழியன் என் கையைப் பிடித்து, "மணி, வா இந்தப் பக்கம்" என்று இழுத்தார். நான் உதறிவிட்டு அந்த அதிகாரியின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, சாமி பெயர் போட்டிருந்த முதல் பக்கத்தை மட்டும் கிழித்தேன். வேறு எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. கிழித்துவிட்டுச் சாமியைப் பார்த்தேன். அவர் தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆறு வருடமாக நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் இதற்கும் ஆட்டுவார் என்று முழுசாக நம்பினேன்.

அப்போது சாமி வாய் திறந்தார். "நான்தாம்மா சொன்னேன்" என்றார்.

எனக்கு முதலில் அவர் பேசியது உறைக்கவே இல்லை. யாரோ கூட்டத்திலிருந்து பேசியதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்த குரல் அது இல்லை. மூக்கால் பேசுகிற மெல்லிய குரல், ஆரணிப் பக்கத்து ஆள் பேசுவதுபோல் சாதாரணமாக இருந்தது. அதன் பிறகு யாரோ "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தினார்கள். ஜனங்கள் அழுதுகொண்டே மேடையை நோக்கி ஓடினார்கள். அந்த அதிகாரி சாமியின் காலில் விழுந்து எழுந்திருக்கவில்லை. நான் கிழித்த தாளோடு நடுவில் நின்றேன். என்னை ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் பார்க்கவும் இல்லை. என் தோளில் மோதிவிட்டுப் போனவர்கூட மோதியது தெரியாமல் போனார். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு நான் சாமியின் அறைக்குப் போனேன். அவர் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏன் சாமி பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"பொய்யில்லம்மா. எனக்குள்ள இருந்துச்சு. நீ எடுத்துச் சொன்ன. இல்லன்னா நான் எதுக்குத் தலையாட்டணும்?" என்றார்.

"எங்கப்பா செத்தது உங்களுக்குள்ள இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கும் அப்பா இருந்தாரும்மா" என்றார். "அன்னைக்கு நான் எதுக்குக் கைய மூடித் தொறந்தேன்னு நெனச்ச?" என்று கேட்டார்.

அவர் நடிக்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. தான் சொன்னதாகவே அவர் நம்புகிறார். அவர் பேசிய அதிர்ச்சியைவிட எனக்கு இது பெரிய அதிர்ச்சி. திருடன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனவள், திருட்டுப் போனது தன் பொருள்தான் என்று பறிகொடுத்தவரைப்போலவே அழுகிற ஒருவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பைக்கூட விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கணவர், "கையில என்னத்தப் புடிச்சிருக்க?" என்று கேட்டு அந்தத் தாளை என் விரலிலிருந்து எடுத்தார்.

நான் இதை இரண்டு நாளாக யோசித்துவிட்டேன். அவருக்குத் தகப்பனார் இருந்திருக்கலாம். அவருக்கும் தீராத கோபம் இருந்திருக்கலாம். அன்றைக்கு அவர் கையை மூடித் திறந்ததற்கு அதுவே அர்த்தமாக இருக்கலாம். அந்தத் துக்கம் அவருடையது, அதற்கு நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் 'கீழே வைத்துவிடு' என்ற சொல்லை நான் அந்தப் புளியமரத்தடியிலிருந்து எடுத்து வந்தேன். அது அவர் மூடின கைக்குள் இருக்கவில்லை. இதை என்னால் நிரூபிக்க முடியாது. எழுதி வைக்கவில்லை, சாட்சியும் இல்லை.

அதன் பிறகு செழியன் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வாக்கியங்கள் சாமியுடையவை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், வேலைக்கும் திரும்ப வரலாம் என்றும் சொன்னார். சாமி மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டதாகவும், வருகிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் கணவர் அவர் போன பிறகு, "எழுதிக் குடுத்துட்டு வந்துடு மணி. யாரு சொன்னதுன்னு நமக்குள்ள தெரிஞ்சா போதாதா?" என்று கேட்டார். அவர் என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குப் போதவில்லை.

இன்று காலை நிலையத்தில் காத்திருந்தபோது, தலைமைக் காவலர் சுப்பிரமணி தன் செல்போனைக் காட்டினார். திரையில் குடை சாமி படமும் என் வாக்கியமும் இருந்தன. அதைப் படித்துவிட்டுத்தான், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பியின் சாவுக்குப் போய்ப் பாடை தூக்கியதாகச் சொன்னார். "நீங்க சொன்னதுன்னு சொல்லாதீங்கம்மா. சாமி சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். நான் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டீர்களா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரூம் காட்ற பொம்பள சொன்னா யாரும்மா கேப்பா?" என்றார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் தம்பியைத் தூக்கப் போனதில் எனக்குச் சந்தோஷம். அதோடு, அவரை அங்கே போக வைத்தது யார் என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பாதது எனக்கு வலித்தது. இதையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். உதவி ஆய்வாளர் சுப்பிரமணியை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

உதவி ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்கு ஒரு எச்சரிக்கையும் செய்தார். "எல்லாம் நீங்களே சொன்னதுன்னு கையெழுத்துப் போட்டா, ஆறு வருஷமா சாமி பேரச் சொல்லி ஜனங்கள ஏமாத்தினதா ஆயிடும்மா. செழியன் அப்படியும் ஒரு மனு குடுப்பாரு. நல்லா யோசிங்க" என்றார். நான் யோசித்துவிட்டேன். கொடுக்கட்டும். ஏமாற்றியதாக வழக்குப் போட்டால், எந்தெந்த வாக்கியத்தைச் சொல்லி ஏமாற்றினேன் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அவற்றைச் சொன்னது யார் என்ற இடத்தில் என் பெயரைப் போட வேண்டும். அருளகம் போட மறுத்ததை அரசாங்கம் போடட்டும்.

நான் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். ஓரிடத்தில் 'சாமியின் வாக்கு' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, 'என் வாக்கு' என்று மாற்றி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல் சொன்னது இது. இதில் உள்ளது முழுக்க நடந்த உண்மை, ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது.

(ஒப்பம்)
பி. மணிமொழி